பெயர் ஒன்று, ஆள் வேறு! ஆஸ்பத்திரிக்குள்ளே இத்தனை அதிசயமா? தெரியுமா?

கூப்பிட்டார்கள்... கையைத் தூக்கினார்!

ராஜஸ்தான் மாநிலம் கோட்டா. 2025 ஏப்ரல். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. விபத்தில் அடிபட்ட மகனுக்குக் காலில் ஆபரேஷன். பக்கவாதம் வந்து, பேச்சும் தெளிவாக வராத அப்பா வெளியே காத்திருக்கிறார். உள்ளேயிருந்து ஊழியர் ஒருவர் வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நம்ம பேருதானே என்று அப்பா கையைத் தூக்குகிறார். அவ்வளவுதான்! அப்படியே உள்ளே அழைத்துப் போய், டயாலிசிஸ் நோயாளிக்குச் செய்யவேண்டிய ஆபரேஷனுக்காக அவர் கையைக் கீறியே விட்டார்கள்! துணைக்கு வந்தவருக்குத் தையல்! இதை நம்ப முடிகிறதா?

'பகவதி யாரு?' நாலு தலை நிமிரும்!

ராஜஸ்தான்தானே என்று சிரிக்காதீர்கள். நம்ம வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு கிளினிக்கில் காலை பத்து மணிக்கு ஓ.பி. சீட்டோடு உட்கார்ந்து பாருங்கள். நர்சம்மா கதவை லேசாகத் திறந்து, "பகவதி யாரு?" என்று கேட்டால் எத்தனை தலை நிமிரும்? குமரி முனையில் பகவதி, மண்டைக்காட்டில் பகவதி, ஆகவே வீட்டுக்கு ஒரு பகவதி! சுசீந்திரத்துக்காரருக்குத் தாணு, நாகராஜா கோயிலுக்கு நேர்ந்துகொண்டவருக்கு நாகராஜன், கோட்டாறு சவேரியாருக்கு நேர்ந்துகொண்டவருக்குச் சேவியர்! போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் வேறு! ஒரே வீட்டில், ஒரே பெயரில், ஒரே விலாசத்தில் இரண்டு பேர்! மருந்துச்சீட்டு யாருடையது மக்கா?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் அரசு ஆஸ்பத்திரிகளில் 2011 வாக்கில் ஒரு கணக்கு எடுத்தார்கள். மொத்தம் 34 லட்சத்துக்கும் மேல் நோயாளிப் பதிவுகள். அதில் ஒரே முழுப்பெயர் இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ இருந்தது 2,49,213 தடவை! 'மரியா கார்சியா' என்ற பெயரில் மட்டும் எத்தனை பேர் தெரியுமா? 2,488! சரி, பிறந்த தேதியை வைத்துப் பிரித்துவிடலாமே என்கிறீர்களா? அந்த மரியாக்களில் 231 பேருக்கு இன்னொரு மரியாவின் பிறந்த தேதியேதான்! தலை சுற்றுகிறதா?

விரலுக்குப் போனாள், நாக்கில் கத்தி!

களியக்காவிளை தாண்டினால் கேரளா. மருத்துவத்தில் இந்தியாவுக்கே முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலம். அங்கேயும் இப்படி நடக்குமா?

2019 மே. மலப்புறம் மாவட்டம் மஞ்சேரி அரசு மருத்துவக் கல்லூரி. மூக்கில் வளர்ந்த சதையை எடுக்க ஒரு 7 வயதுப் பையன் வந்தான். குடலிறக்க ஆபரேஷனுக்கு இன்னொரு பையன். இரண்டு பேர் பெயரும் கேட்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த மகனைப் பார்த்த பெற்றோருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கு அப்படியே இருக்கிறது, வயிற்றில் தையல்!

2024 மே. கோழிக்கோடு. ஆறாவது விரலை நீக்க வந்த 4 வயதுச் சிறுமி. தியேட்டரிலிருந்து வெளியே வந்தவளின் வாயில் பஞ்சு! ஏன்? நாக்கில் ஆபரேஷன் நடந்திருக்கிறது! விரல் ஆறும் அப்படியே! பிறகு மறுபடி உள்ளே கொண்டுபோய் விரலை எடுத்தார்கள். டாக்டர் சஸ்பெண்ட் ஆனார்.

கோட்டயம், 2019. மார்பில் கட்டியோடு வந்த பெண்ணுக்குத் தனியார் லேப் 'கேன்சர்' என்று ரிப்போர்ட் கொடுத்தது. மருத்துவக் கல்லூரியில் கீமோவும் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தது அந்தக் கல்லூரியின் சொந்த லேப் ரிப்போர்ட். கேன்சரே இல்லை! முடி கொட்டியது கொட்டியதுதான்!

இதயத்துக்கு நுரையீரல், நுரையீரலுக்கு இதயம்!

இந்த விஷயத்தில் பேர்போனது ஜப்பானில் உள்ள யோகோஹாமா நகரப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. 1999 ஜனவரி 11. ஒருவருக்கு 74 வயது, இதய ஆபரேஷன். இன்னொருவருக்கு 84 வயது, நுரையீரல் ஆபரேஷன். ஒரே ஒரு நர்ஸ், இரண்டு ஸ்ட்ரெச்சர்! ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு வந்தார். தியேட்டர் வாசலில் கைமாற்றும்போது ஆள் மாறிப்போனது!

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? வேறு பெயரைச் சொல்லி நலம் விசாரித்தபோதும் அந்தப் பெரியவர்களிடமிருந்து மறுப்பு வரவில்லை! ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றம், மருந்து மயக்கம். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலை ஆடத்தானே செய்யும்? மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு மட்டும் ஒரு சந்தேகம். தலைமுடி வேறு மாதிரி இருக்கிறதே! உடனே வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். "அவர் கீழே வந்தாச்சே" என்று பதில். சரிதான் என்று கத்தியை எடுத்துவிட்டார்கள்! இதய நோயாளிக்கு நுரையீரலில் ஆபரேஷன், நுரையீரல் நோயாளிக்கு இதயத்தில் ஆபரேஷன்! அத்தனை டாக்டர்கள், அத்தனை எந்திரங்கள். சந்தேகம் வந்த பிறகும்கூட!

ஒரு தப்பு இல்லை, 17 தப்பு!

அமெரிக்காவில் 67 வயது அம்மா ஒருவரை, கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறொருவருக்கான இதயச் சோதனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு இது வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார்! யாரும் காதில் வாங்கவில்லை. 2002-ல் ஒரு மருத்துவ இதழ் இந்தச் சம்பவத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசியது. வழியில் நடந்த தவறுகள் எத்தனை? 17! அதில் ஏதாவது ஒன்றை ஒருவர் நிறுத்தியிருந்தாலும் அம்மா தப்பியிருப்பார்!

சரியான கேள்வி எது தெரியுமா?

"நீங்கதானே தாணு?" இது தப்பான கேள்வி! காது மந்தமானவர், காய்ச்சலில் கிடப்பவர், பயந்தவர் எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "உங்க பேரு என்ன அண்ணாச்சி? பிறந்த தேதி சொல்லுங்க." இதுதான் சரி! குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று 2007-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. எது அடையாளமாகவே ஆகாது தெரியுமா? அறை எண், கட்டில் எண்! "ஏழாம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சா?" என்று காலையும் மாலையும் கேட்கிறோமே, அதேதான்! ஜன்னலோரம் காற்று வரும் என்று ஏழாம் பெட்காரர் எட்டாம் பெட்டுக்கு மாறிப் படுத்திருந்தால்?

கோயில் வாசலில் விடும் செருப்புக்கே டோக்கன் கொடுக்கிறார்கள். மனிதனுக்கு ஒரு கைப்பட்டை கட்டினால் மட்டும், "எதுக்கு இது, அரிக்குது" என்று அறுத்துப் போடுகிறோம்!

கசாப்புக்கடையில் நின்றது யார்?

கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. கறி வாங்கப் போன ஒரு பெண் திகைத்து நின்றார். கறி வெட்டிக்கொண்டிருந்தது அவருடைய ஆபீசில் வேலை பார்க்கும் பையன்! அதே முகம், அதே நடை! ஆனால் அவன் அவன் இல்லை!

துருவிப் பார்த்ததில் கிடைத்தது என்ன தெரியுமா? 1988 டிசம்பரில் பிறந்த இரண்டு ஜோடி இரட்டையர்கள். ஒவ்வொரு ஜோடியும் அச்சில் வார்த்த ஒரே முகக்காரர்கள். ஒரு ஜோடி நகரத்துப் பிள்ளைகள், மற்றது மலையோரக் கிராமத்துப் பிள்ளைகள். கிராமத்து ஜோடியில் ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பொகோட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே தொட்டில் மாறியது! அப்புறம் 25 வருஷம், இரண்டு வீட்டிலும் 'முகம் ஒத்துப்போகாத இரட்டையர்' என்று நினைத்தே வளர்த்தார்கள்! 2014-ல் நான்கு பேரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஒருவன் நகரத்தில் படித்துக் கணக்கர் வேலைக்குத் தயாராகிக் கொண்டிருந்தவன். அவனுடைய அசல் இரட்டைச் சகோதரனும் கறி வெட்டிக்கொண்டிருந்தான்! நாலு வாழ்க்கையைத் திருப்பிப் போட ஒரே ஒரு தொட்டில் போதுமாயிருந்திருக்கிறது!

ஜப்பானில் இன்னொன்று! 1953-ல் டோக்கியோவில் 13 நிமிட இடைவெளியில் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் மாறிப்போயின. பணக்கார வீட்டுப் பிள்ளை ஒற்றை அறை வீட்டில் வளர்ந்து லாரி ஓட்டினார். மற்றவர் டியூஷன் வைத்துப் படித்தார். 2013-ல் நீதிமன்றம் விதித்த இழப்பீடு எவ்வளவு? 3 கோடியே 80 லட்சம் யென்! அப்போது அவருக்கு 60 வயது!

நம்ம அசாமில் நடந்தது இன்னும் வேறு மாதிரி. 2015 மார்ச், மங்கல்தோய் ஆஸ்பத்திரி. ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு ஆண் குழந்தைகள், இரண்டும் ஏறக்குறைய 3 கிலோ! ஒன்று முஸ்லிம் குடும்பம், மற்றது போடோ பழங்குடிக் குடும்பம். இது என் பிள்ளை முகமில்லையே என்று தாய் சொல்ல, தந்தை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அன்று பிறந்த குழந்தைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினார்! டி.என்.ஏ. சோதனையில் குட்டு உடைந்தது. நீதிமன்றத்துக்குப் போய் மாற்றிக்கொள்ள நின்றபோது பையன்கள் வளர்த்த அம்மா இடுப்பை விட்டு இறங்க மறுத்து அழுதார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று இரண்டு குடும்பமும் அப்படியே திரும்பிவிட்டன!

பெற்றவளே தாய் இல்லையாம்!

டி.என்.ஏ. சோதனை பொய் சொல்லாது என்பீர்கள். அப்படியா?

2002, அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணம். உதவித்தொகைக்காக டி.என்.ஏ. சோதனை செய்த ஒரு பெண்ணிடம், "இந்தப் பிள்ளைகளுக்கு நீ தாயே இல்லை" என்றார்கள்! மோசடிக்காரி என்று சந்தேகம்! அப்போது அவர் மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? பிரசவ அறைக்குள்ளேயே ஒரு சாட்சியை நிறுத்தியது! கண்ணெதிரே பிறந்த குழந்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதற்கும் அவர் தாய் இல்லையாம்!

காரணம்? அவர் தாய் வயிற்றில் இரட்டையாக உருவாகி, இரண்டு கருவும் ஒன்றாகக் கலந்து ஒரே ஆளாகப் பிறந்தவர். உடம்புக்குள் இரண்டு டி.என்.ஏ.! ஒரே ஆளுக்குள் அக்காவும் தங்கையும்!

'ஓ' போலிருக்கும், 'ஓ' இல்லை!

ரத்தத்துக்கும் ஆள் மாறாட்டம் உண்டு! சாதாரணச் சோதனையில் 'ஓ' குரூப் என்றே காட்டும். ஆனால் 'ஓ' ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து! 1952-ல் மும்பையில் டாக்டர் ஒய்.எம். பெண்டே குழுவினர் கண்டுபிடித்ததால் அதற்கு 'பம்பாய் குரூப்' என்றே பெயர். இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர். அவர்களுக்கு இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் ரத்தம் கொடுக்க முடியும்!

சோதனைக் குழாயில் ஒருவர் பெயர், உள்ளே இன்னொருவர் ரத்தம்! இது எவ்வளவு அடிக்கடி நடக்கும் தெரியுமா? 10 நாடுகளில் நடத்தி 2003-ல் வெளியான ஆய்வு சொன்ன கணக்கு, சுமார் 2,000 குழாய்க்கு ஒன்று!

ஒரே ஒரு பாட்டில் என்ன செய்யும் என்பதை 2018 டிசம்பரில் தமிழ்நாடே பார்த்தது. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. கொடையளித்த இளைஞருக்கு 2016-லேயே கிருமி இருப்பது சோதனையில் தெரிந்திருந்தும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் விஷயம் தெரியவந்ததும், அவரே ஓடிவந்து சொன்னதால்தான் குட்டு வெளிப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. குழந்தைக்குக் கிருமி தொற்றவில்லை. இந்த ஒன்றில் ஆச்சரியக்குறி போடக் கை வரவில்லை.

பிளேட்லெட் குறைந்தது உங்களுக்கா, குழாய்க்கா?

டெங்கு சீசன். பிளேட்லெட் 20,000 என்று ரிப்போர்ட். வீடே அலறுகிறது, பப்பாளி இலைக்கு ஆள் பறக்கிறது! ஆனால் ஆளோ கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்! எப்படி? ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து தடவியிருப்பார்கள். சிலருடைய ரத்தத்தில் அந்த மருந்து பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்திரம் கொத்தை எண்ணாமல் விட்டுவிடும்! நீல மூடிக் குழாயில் எடுத்து மறுபடி எண்ணினால் பிளேட்லெட் அத்தனையும் பத்திரம்! டெங்குவே இல்லாதவருக்கும் இப்படிக் காட்டும், தெரியுமா?

முடி வளர பயோட்டின் மாத்திரை விழுங்குபவரா நீங்கள்? மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தச் சோதனையையே அது ஏமாற்றிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2017-ல் எச்சரித்திருக்கிறது! ரத்தம் எடுக்கும்போது லேப்காரரிடம் சொல்லிவிடுங்கள்!

ஸ்கேனில் கொரில்லா!

சிரிக்காதீர்கள், நிஜம்! 2013-ல் ஓர் ஆய்வு. நுரையீரல் ஸ்கேன் படத்தில் ஒரு கொரில்லா உருவத்தை ஒட்டி, அனுபவமுள்ள 24 ரேடியாலஜி டாக்டர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தேடவேண்டியது சின்னச் சின்னக் கட்டிகளை. கொரில்லாவோ கட்டியைப் போல 48 மடங்கு பெரிது! எத்தனை பேர் பார்க்கவில்லை தெரியுமா? 20 பேர்! அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண் நேராகக் கொரில்லா மேலேயே பட்டிருக்கிறது!

காரியம் முடிந்தது, ஆள் வந்தாச்சு!

2021, கொரோனா இரண்டாம் அலை. ஆந்திராவின் ஜக்கையாபேட்டை. விஜயவாடா ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு பாட்டி இறந்துவிட்டார் என்று உடலைக் கொடுத்தார்கள். மூட்டைபோலச் சுற்றிக் கட்டிய உடல். யார் பிரித்துப் பார்ப்பது? இறுதிச் சடங்கு முடிந்தது. அப்புறம் ஒருநாள் வாசலில் பாட்டி! "என்னைக் கூட்டிப்போக ஏன் ஒருத்தரும் வரல?" என்ற கோபத்தோடு!

அதே ஆண்டு நவம்பரில் மொராதாபாத். விபத்தில் இறந்ததாகச் சொல்லப்பட்டவர் பிணவறைக் குளிர்பெட்டியில் சுமார் 7 மணி நேரம்! உடலை அடையாளம் காட்ட வந்த உறவினர் கண்ணுக்கு அசைவு தெரிந்தது! சேலத்தில் 2020 அக்டோபரில் 74 வயது முதியவரை வீட்டார் வாடகைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு முழுக்க வைத்திருந்தார்கள். பெட்டியைத் திரும்ப எடுக்க வந்தவர்தான் உயிர் இருப்பதைப் பார்த்தார்! இரண்டு பேருமே சில நாட்களில் இறந்துபோனார்கள்.

எவரெஸ்ட்டில் நம்ம நெய்யூர் டாக்டர்!

திங்கள்சந்தைக்குப் பக்கத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த கை எவரெஸ்ட்டில் கயிறும் பிடித்தது, தெரியுமா? டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்! காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்கு இருப்பது அவர் பெயர்தான். 1924 ஜூன் 4, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் சிகரத்துக்குச் சில நூறு மீட்டர் கீழே வரை ஏறிவிட்டார். நாட்கணக்காக இருமல். உயரத்து வறண்ட காற்றுக்கு வரும் இருமல்தானே என்று நினைத்துக்கொண்டார். இறங்கும்போது மூச்சே நின்றது! உட்கார்ந்துவிட்டார், சாவு நிச்சயம். கடைசியாக ஒரு முறை இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தினார். தொண்டையிலிருந்து வந்து விழுந்தது என்ன தெரியுமா? குளிரில் விறைத்துச் செத்துப்போன அவருடைய குரல்வளையின் உள்தோல்! இருமலுக்குக் காரணமே அதுதான்! டாக்டரே தன் நோயைத் தப்பாக நினைத்திருக்கிறார்!

அதே சோமர்வெல் வயிற்றுப்புண் ஆபரேஷனில் பேர்போனவர். 1948-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். திருவிதாங்கூர் முழுக்க அந்த நோய் அவ்வளவு அதிகம்! காரம், கவலை, அமிலம் என்று உலகமே காரணம் சொன்ன காலம் அது. அசல் காரணம் ஒரு கிருமி என்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தது எப்போது? 1982! யாரும் நம்பாததால் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் அந்தக் கிருமியை மடக் மடக்கென்று தானே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார்! 2005-ல் நோபல் பரிசு!

நம்ம வடசேரியை ஒட்டிய புத்தேரிப் பக்கத்து கேதரின் பூத் ஆஸ்பத்திரி எங்கே தொடங்கியது தெரியுமா? 1890-களில் இரட்சணிய சேனை ஊழியர் ஹாரி ஆண்ட்ரூஸின் குளியலறையில்! ஒரு நேரத்தில் ஒரு நோயாளி நிற்கத்தான் இடமிருந்திருக்கும். ஆள் மாறாட்டத்துக்கு வழியே இல்லை!

19 கேள்வி, பாதி சாவு!

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பெயர் என்ன, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று சத்தமாகக் கேட்டுக்கொள்ளும் 19 அம்சப் பட்டியல் ஒன்று. டெல்லி உட்பட 8 நகரங்களில் 8 ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது! செலவு? ஒரு தாள்!

டாக்டர் கையெழுத்துக்கு அபராதம் உண்டா? உண்டு! 2018-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், எழுதியது படிக்கவே முடியவில்லை என்று 3 டாக்டர்களுக்குத் தலைக்கு 5,000 ரூபாய் விதித்தது!

பைத்தியம் யார்?

கடைசியாக ஒன்று. அமெரிக்க உளவியல் பேராசிரியர் டேவிட் ரோசன்ஹான் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரும் சேர்த்து 8 பேர், 12 மனநல ஆஸ்பத்திரிகள். காதில் ஏதோ குரல் கேட்கிறது என்று ஒரு பொய். அத்தனை இடத்திலும் அட்மிஷன்! உள்ளே போனதும் சாதாரணமாகவே நடந்துகொண்டார்கள். வெளியே விட எத்தனை நாள் ஆனது? சராசரி 19! ஒருவருக்கு 52! மொத்தம் கொடுத்த மாத்திரைகள் கிட்டத்தட்ட 2,100! ஊழியர் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. யாருக்கு வந்தது தெரியுமா? அசல் நோயாளிகளுக்கு! "நீ பைத்தியம் இல்லப்பா, பத்திரிகைக்காரன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்! (ரோசன்ஹான் சொன்னதெல்லாம் நிஜம்தானா என்று 2019-ல் ஒரு புத்தகம் பலத்த கேள்வி எழுப்பியிருக்கிறது. ஆய்வாளரையே ஆராயவேண்டி வந்துவிட்டது!)

எங்கள் ஆஸ்பத்திரியில் இது நடக்காது என்று ஒரு ஆஸ்பத்திரி மார்தட்டியது. சரி, அடுத்த மூன்று மாதத்தில் போலி நோயாளிகளை அனுப்புகிறேன், பிடித்துப் பாருங்கள் என்றார் ரோசன்ஹான். அந்த மூன்று மாதத்தில் வந்த 193 பேரில் 41 பேரைப் போலி என்று குறைந்தது ஒரு ஊழியராவது அடித்துச் சொன்னார்!

ரோசன்ஹான் அனுப்பியது எத்தனை பேரைத் தெரியுமா?

ஒருவரைக்கூட இல்லை!